ஜெர்டன் பெயரை எடுத்துவிடலாமா?



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஓடிய விவாதத்தைப் படித்தேன். ஞாயிறுதோறும் பைனாகுலரும் கையுமாகப் பள்ளிக்கரணைப் பக்கம் போகிற நம் பிள்ளை ஒருவர்தான் தொடங்கி வைத்தார். "ஜெர்டன் வானம்பாடி, ஜெர்டன் பச்சைச்சிட்டு, ஜெர்டன் கல்குருவின்னு நம்ம ஊர்ப் பறவைக்கெல்லாம் எதுக்கு வெள்ளைக்காரன் பேரு? அமெரிக்காவுலயே ஆள் பேரை எல்லாம் எடுக்கப் போறாங்களாம். நாமளும் எடுத்துட்டா என்ன?" என்று கேட்டிருந்தார். ஆதரவாகவும் எதிராகவும் நிறைய பேர் எழுதியிருந்தீர்கள். கடைசியில், "சார் என்ன சொல்றார்னு கேளுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

அமெரிக்கச் செய்தி உண்மைதான். மனிதர்களின் பெயரைத் தாங்கிய ஆங்கிலப் பறவைப் பெயர்களை மாற்றப்போவதாக அமெரிக்கப் பறவையியல் கழகம் 2023 நவம்பரில் அறிவித்தது. அது அவர்கள் ஊர்ப் பறவைகளுக்கு. நம் ஊர்ப் பறவைகளைப் பற்றி நாம்தான் யோசிக்க வேண்டும். ஆனால் வரலாறு சொல்லிக்கொடுத்த வாத்தியார் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒருவர் பெயரை அழிப்பதற்கு முன்னால் அவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நீளமாக எழுதுகிறேன் என்று வீட்டில் ஏற்கெனவே புகார் இருக்கிறது.

தாமஸ் காவர்ஹில் ஜெர்டன் 1811 அக்டோபரில் பிறந்தார். பிறந்தது வட இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் என்றாலும் குடும்பம் ஸ்காட்லாந்தின் எல்லைப்புறத்தில் ஜெட்பரோவுக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தது. 1828இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ராபர்ட் ஜேம்சன் என்ற பேராசிரியர் இயற்கை வரலாறு நடத்தினார். அதற்குச் சற்று முன்பு அதே வகுப்பில் இன்னொரு மாணவர் உட்கார்ந்திருந்தார். சார்லஸ் டார்வின்! ஜேம்சனின் பாடம் தாங்கமுடியாத சலிப்பு என்று டார்வின் பின்னாளில் எழுதினார். அதே வாத்தியாரிடம் படித்த ஜெர்டனுக்கோ உயிரினங்கள் மீதான பற்று ஆயுசு முழுக்க விடவில்லை. ஆசிரியராக இருந்த எல்லோருக்கும் இது கொஞ்சம் ஆறுதல் தரும் செய்தி.

பிறகு மருத்துவம் படித்து, கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்து, 1836 பிப்ரவரியில் சென்னையில் கப்பலை விட்டு இறங்கினார். வயது 24.

அந்தக் காலச் சென்னையில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைய. நம் தாம்பரத்துப் பிள்ளைகளுக்கு இது புரியும்படி ஓர் உதாரணம் சொல்கிறேன். சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் சேலையூர்க் காட்டுக்கு இடம் மாறி வந்தது உங்களுக்குத் தெரியும். அதன் வேர் 1837இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் நகருக்குள் தொடங்கிய பள்ளி. ஜெர்டன் வந்து இறங்கிய மறு ஆண்டு. கம்பெனி மருத்துவர்களில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளரும் ஸ்காட்லாந்துக்காரரே. அமராவதிச் சிற்பங்களைத் தோண்டிச் சென்னைக்குக் கொண்டுவந்த சிவில் அதிகாரி வால்டர் எலியட்டும் அப்படித்தான். எலியட்டின் பூர்வீகம் ஜெர்டன் குடும்பத்துக்குப் பக்கத்து ஊர் என்றே சொல்லலாம். இவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டும், கிடைத்த பூ, புழு, பறவைகளைப் பரிமாறிக்கொண்டும் இருந்தார்கள்.

ஜெர்டனுக்கு வேலை குதிரைப்படைப் பிரிவு ஒன்றில். திருச்சி, பிறகு தக்காணத்தில் ஜால்னா என்று படை போகிற இடமெல்லாம் போக வேண்டும். காலையில் சிப்பாய்களின் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் கவனித்துவிட்டு, மிச்ச நேரத்தில் பறவைகளைத் தேடுவார். இன்றுபோல் கேமராவும் கைப்பேசியும் இல்லாத காலம். ஒரு பறவையை ஆராய வேண்டும் என்றால் சுட வேண்டும், தோலை உரித்துப் பதப்படுத்திப் பெட்டியில் வைக்க வேண்டும். அப்படிச் சேர்த்த தோல்களை ஸ்காட்லாந்தில் இருந்த சர் வில்லியம் ஜார்டைன் என்ற பெரிய நிபுணருக்கு அனுப்பினார். "இவை என்ன பறவைகள் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கத்தான்.

பெட்டி பல மாதம் கடலில் போய்ச் சேர்ந்தது. திறந்தால் உள்ளே பூச்சி! அந்துப்பூச்சி அத்தனையையும் அரித்துத் தின்றிருந்தது. பதில் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இன்னொருவராக இருந்தால் மறுபடி ஒரு பெட்டி அனுப்பியிருப்பார், அல்லது துப்பாக்கியைச் சுவரில் மாட்டியிருப்பார். ஜெர்டன், இனி என் கண்ணையே நம்புகிறேன் என்று முடிவு செய்தார். ஐரோப்பாவிலிருந்து தீர்ப்பு வருவதற்குக் காத்திராமல், பறவைகள் வாழ்கிற இடத்திலேயே உட்கார்ந்து, தானே இனம் பிரித்து எழுதத் தொடங்கினார். எழுதியதை வெளியிட்டதும் லண்டனில் அல்ல. சென்னை இலக்கியச் சங்கம் நடத்திய பத்திரிகையில், 1839–40இல், இந்தியத் தீபகற்பத்துப் பறவைகளின் பட்டியல் வந்தது. 420 இனங்கள். அதற்கு முன் கர்னல் சைக்ஸ் என்பவர் தக்காணப் பறவைகளுக்குப் போட்டிருந்த பட்டியலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

1841இல் உதகமண்டலத்தில் ஃப்ளோரா மெக்ளவுட் என்ற பெண்மணியை மணந்தார். அந்த அம்மாளும் ஓவியர், ஆர்க்கிட் மலர்களை வரைவதில் தேர்ந்தவர். பிறகு நெல்லூரில் சிவில் சர்ஜன் வேலை. நம் எல்லையைத் தாண்டினால் நெல்லூர்தான், தூரமில்லை. அங்கே அவர் ஒரு காரியம் செய்தார். காட்டோரம் வாழ்ந்த யானாதி மக்களிடம் போய், இந்தப் பறவைக்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள், அது எங்கே இருக்கும், எப்போது வரும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களைப்போல, காட்டைக் கையில் இருக்கும் ரேகைபோல அறிந்தவர்கள் யானாதிகள். பின்னால் அவர் எழுதிய புத்தகங்களில் பறவையின் லத்தீன் பெயருக்குக் கீழே தெலுங்குப் பெயர், தமிழ்ப் பெயர், இந்திப் பெயர் என்று அடுக்கியிருப்பார். லத்தீனும் ஆங்கிலமும் போதும் என்று நினைக்கிறவர்கள் இருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

1843 முதல் 1847 வரை பகுதி பகுதியாக 50 வண்ணப் படங்கள் கொண்ட ஒரு நூலைச் சென்னையில் வெளியிட்டார். பெரும்பாலும் தென்னிந்தியப் பறவைகள். அதற்குப் படம் வரைந்தவர்கள் நம் ஓவியர்கள்.

தலச்சேரிக்கு மாற்றலானதும் எறும்புகள் பக்கம் திரும்பினார். தென்னிந்திய எறும்புகளைப் பற்றி 1851இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு தாவும் எறும்பு வருகிறது. பெரிய கண்ணும் நீண்ட தாடையுமாக, இரையைப் பார்த்ததும் துள்ளிப் பாயும். ஹார்பெக்னேதஸ் சால்டேட்டர் என்று இன்று அதற்குப் பெயர். 2010இல் முதன்முதலில் மரபணுத்தொகுதி முழுதும் படிக்கப்பட்ட எறும்புகள் இரண்டு. அவற்றில் ஒன்று இது. உலகப் புகழ்பெற்ற ஆய்வகங்களில் இன்று வளர்க்கிறார்கள். மீன்களைப் பற்றியும் ஊர்வனவற்றைப் பற்றியும்கூட எழுதினார். மருத்துவர் வேலைக்கு நடுவில் எப்படி நேரம் கிடைத்தது என்று எனக்கே வியப்பு.

கடைசியில் கவர்னர் ஜெனரல் கானிங் காலத்தில், இந்திய முதுகெலும்பு விலங்குகளைப் பற்றிக் கையேடுகள் எழுதுவதற்கென்றே அவருக்குத் தனிப் பணி கொடுத்தார்கள். அப்படி வந்ததுதான் 1862 முதல் 1864 வரை கல்கத்தாவில் வெளியான 'இந்தியப் பறவைகள்'. 1008 இனங்கள். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த கட்டுரைகளில் இருந்ததை எல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்தார். ஏதோ ஒரு மாவட்டத்தில் தனியாக உட்கார்ந்திருந்த ஓர் அதிகாரிகூட, தான் பார்த்த பறவை இன்னது என்று அந்தப் புத்தகத்தை வைத்துச் சொல்ல முடிந்தது. அதன் மீது நின்றுதான் காங்கிரஸைத் தோற்றுவித்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் பறவையியல் பத்திரிகை நடத்தினார். அந்த வழியில் வந்தவர்தான் நம் சலீம் அலியும்.

1868இல் ஓய்வு பெற்று, அசாமில் நோய்வாய்ப்பட்டு, 1870இல் இங்கிலாந்து திரும்பிய ஜெர்டன் 1872 ஜூனில் லண்டன் புறநகர் ஒன்றில் காலமானார். வயது 60.

சரி. இப்போது நம் வாசலுக்கு வருவோம்.

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், எங்கே தோட்டம் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் அங்கே தவிட்டுக்குருவிக் கூட்டம் இருக்கும். ஆறேழு பேராக வந்து, காய்ந்த சருகைப் புரட்டிப் புரட்டி, ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும். பூனை வந்தால் ஊருக்கே சொல்லும். அதற்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்தவர் ஜெர்டன். ஆர்க்யா அஃபினிஸ் என்ற அந்தப் பெயருக்குப் பின்னால் 'ஜெர்டன், 1845' என்று இன்றைக்கும் எழுதுவார்கள். நீலகிரிச் சிரிப்பானுக்கும் ஊட்டிப் பக்கத்துக் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானுக்கும் 'ஜெர்டன், 1839'. இது அறிவியல் பதிவு. இதை நாமோ அமெரிக்கர்களோ அழிக்க முடியாது, அமெரிக்கர்கள் இதை அழிக்கவும் கேட்கவில்லை. அவர்கள் மாற்றுவது பேச்சுவழக்கு ஆங்கிலப் பெயரை மட்டும்.

அந்த ஆங்கிலப் பெயர் போனால் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. நம் வீட்டில் தவிட்டுக்குருவியைத் தவிட்டுக்குருவி என்றுதான் கூப்பிடுகிறோம். பிள்ளைகளே, என் கவலை வேறு. ஜெர்டனின் பெயர் தங்கிவிட்டது. அவரோடு வேலை செய்தவர்களின் பெயர் எங்கே?

காட்டுக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போனவர், கண்ணி வைத்துப் பிடித்துத் தந்தவர், இரவெல்லாம் விளக்கு வைத்துத் தோல் பதப்படுத்தியவர், பெயர் சொல்லித்தந்த யானாதி மூதாட்டி. இவர்களில் ஒருவர் பெயரும் பறவைக்கு இல்லை. கம்பெனி ஆட்சியில் அறிவு மேலே போனது, பெயர் கீழேயே நின்றுவிட்டது. இதை மூடி மறைத்து ஜெர்டனை மகான் ஆக்க நான் தயாரில்லை.

இதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். முன்பு சொன்ன ராபர்ட் வைட், நண்பர் ஜெர்டனைக் கௌரவித்து மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சிறு செடிப் பேரினத்துக்கு ஜெர்டோனியா என்று பெயர் வைத்தார். வைட்டுக்கு ஆயிரக்கணக்கில் தாவரப் படங்கள் வரைந்து தந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு நம்மவர்கள். வைட் நன்றி மறக்கவில்லை. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்தூயா என்று ஓவியரின் பெயரையே வைத்தார். ஆனால் அந்தப் பேரினத்துக்கு வேறொருவர் முன்பே பெயர் வைத்திருந்தது தெரியவந்தது. முந்தி வைத்த பெயரே நிற்கும் என்பது விதி. ஜெர்டோனியா நின்றது, கோவிந்தூயா போயிற்று. யாரும் சதி செய்யவில்லை. ஆனாலும் போனது யார் பெயர் என்று பாருங்கள்.

இனி கல்குருவியின் கதை. ஜெர்டன் பெயரில் இருக்கிற பறவைகளிலேயே புகழ்பெற்றது இதுதான். கிழக்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் புதர்க்காட்டில், இரவில் மட்டும் நடமாடும், மார்பில் இரண்டு பட்டை போட்ட சின்னப் பறவை. ஜெர்டனிடமிருந்து கிடைத்ததை வைத்து எட்வர்ட் பிளித் 1848இல் விவரித்தார். 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். ஆனால் ஜெர்டன் தன் புத்தகத்தில் அதன் தெலுங்குப் பெயரை எழுதிவைத்திருந்தார்: 'அடவி உத்த தித்தி'. காட்டுக் காலிப் பை என்று பொருள். அந்தப் பெயரை அவருக்குச் சொன்னவர் யாரோ, அவர் அந்தப் பறவையை நிச்சயம் பார்த்துப் பழகியிருக்க வேண்டும்.

86 ஆண்டுகள் கழித்து, 1986 ஜனவரியில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பாரத் பூஷண் தலைமையில் கடப்பை மாவட்டத்தில் தேடினார்கள். படத்தைக் காட்டிக் கிராமம் கிராமமாகக் கேட்டார்கள். கடைசியில் பறவையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் பட்டம் பெற்ற விஞ்ஞானி இல்லை. இரவில் விளக்கு வெளிச்சத்தில் பறவை பிடித்துப் பழகிய உள்ளூர்க்காரர் ஒருவர். 1840களில் நடந்ததுபோலவே மறுபடியும்! அந்தப் பறவைக்காகவே அங்கே ஸ்ரீலங்கமல்லேஸ்வரா சரணாலயம் அமைந்தது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னைக்குக் கிருஷ்ணா நதி நீர் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தை அறிவீர்கள். நம் புறநகர் மக்கள் கோடைக்குக் கோடை பேசும் பேச்சு அது. அதே திட்டத்தின் கால்வாய் ஒன்றைக் கடப்பையில் 2005 வாக்கில் இந்தப் பறவையின் காட்டுக்குள் வெட்டத் தொடங்கினார்கள். அங்கே மணல் பட்டைகள் அமைத்துக் காலடித் தடத்தை வைத்தே இந்தப் பறவையை ஆராய்ந்துகொண்டிருந்த நம் தமிழ்நாட்டுப் பறவையியலாளர் ப. ஜெகநாதன் அதைக் கவனித்தார். விஷயம் வெளியே வந்தது. கால்வாயின் பாதை மாற்றப்பட்டது. பெயரும் இருப்பிடமும் எழுதப்பட்டிருந்ததால்தான் ஒரு பறவைக்காக வழக்காட முடிந்தது. எழுதப்படாத ஒன்றுக்காக யார் பேசுவார்கள்?

நம் மாவட்டத்திலேயே இதற்கு முன்னோடி இருக்கிறது. வேடந்தாங்கல்காரர்கள், ஏரியில் வந்து தங்கும் பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்திருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டார்கள். செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798 வாக்கில் ஏரிக்குப் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தார். ஜெர்டன் பிறப்பதற்கு முன்பே! பறவையைப் பற்றிய அறிவு கப்பலில் வரவில்லை, இங்கேயே இருந்தது. கப்பலில் வந்த சிலர் அதைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். கேட்டு எழுதியவர்களில் ஜெர்டன் நல்லவர் என்பதே என் மதிப்பீடு.

ஆகவே என் பதில் இது. ஜெர்டன் பெயரை அழிக்கப் பாடுபட வேண்டாம். வரலாற்றில் அவருக்கு உரிய இடத்தில் இருக்கட்டும். ஆனால் அவர் செய்த நல்ல காரியத்தை நாம் தொடர வேண்டும். நன்மங்கலம் காட்டில் கல்குவாரிப் பாறையில் கொம்பன் ஆந்தை உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டது, சுற்றிலும் கட்டடமும் ஏறிக்கொண்டே போகிறது. இந்த இடங்களில் நாற்பது வருஷத்துக்கு முன்னால் எந்தப் பறவை வந்தது, அதை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று தெரிந்தவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதில் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் போனால் அந்துப்பூச்சி அரித்த பெட்டிதான் மிஞ்சும்.

எனவே வீட்டுப்பாடம். ஓய்வு பெற்றாலும் பழக்கம் விடவில்லை! இந்தப் பதிவைப் படித்தவர்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பத்துப் பறவைப் பெயர் கேளுங்கள். ஆயா, தாத்தா, அத்தை, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, ஆடு மேய்க்கும் அண்ணன், யாராக இருந்தாலும் சரி. பெயர், எந்த ஊர், எந்தக் காலம், சொன்னவருக்குச் சம்மதம் இருந்தால் அவர் பெயர், நான்கையும் கீழே எழுதுங்கள். தவறாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம். ஒரே பறவைக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும், அத்தனையும் வேண்டும். நான் நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் எங்கள் அம்மா சொன்ன பெயர்களை ஏற்கெனவே எழுதிவிட்டேன். கொக்குகளிலேயே கிட்டத்தில் போகும்வரை அசையாமல் நிற்பதற்குக் குருட்டுக் கொக்கு என்று பெயர் சொன்னார். அதற்கு எதிரே சொன்னவர் பெயரையும் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்